பொம்மைக் காரும் 90 ஆயிலும்

சென்ற கோடை விடுமுறையில் பேரனுடைய ரிமோட் காரை நான் கெடுத்துவிட்டேன். கெடுத்த கதையை விட்டுவிட்டு டிஃபரன்ஷியலின் கதையைச் சொல்ல முடியாது. ஆகவே வெட்கத்தை விட்டு அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மை அல்ல. நிஜ வண்டியை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கியது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று டிஃபரன்ஷியல். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1976-ல் போர்ஷே 934 காரின் சிறு மாதிரியை மின் மோட்டாரும் ரேடியோ கட்டுப்பாடும் வைத்து விற்றது. இந்தப் பொழுதுபோக்கு பரவியதில் அந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நரைத்த தலைகளும் இதில் பந்தயம் விடுகின்றன.

பேரன் வண்டியில் பின் டிஃபரன்ஷியல் கரகரத்தது. "தாத்தா, நீங்க பாருங்களேன்" என்று கொண்டுவந்தான். ஒரு காலத்தில் அம்பாசடரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நானே பிரித்து மாட்டியிருக்கிறேன். இது உள்ளங்கையில் அடங்குகிற சாமான். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே கறுத்துப்போய், கம்பிப்பாகு போல இழுபடும் ஒரு திரவம். வழித்துப் போட்டுவிட்டு ஸ்பிரிட்டில் கழுவினேன். எத்தனை முறை தேய்த்தும் பல்லிடுக்கில் வழவழப்பு போகவில்லை. எண்ணெய்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதன் மேலேயே 90 ஆயிலை ஊற்றி மூடிவிட்டேன்.

மறுநாள் மைதானத்தில் வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் ஒரு சக்கரம் மட்டும் மண்ணைப் பறித்துக்கொண்டு சுழன்றது. பழைய பாய்ச்சல் இல்லை. பேரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு தூக்கம் வராமல் படிக்க உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டவை இனி.

களத்தில் பிணையல் மாடு சுற்றுவதை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்போம். உள்மாடு அனேகமாக நின்ற இடத்திலேயே திரும்பும். வெளிமாடு ஓட்டமும் நடையுமாக வரவேண்டும். கார் திரும்பும்போது சக்கரங்களுக்கும் இதே கதைதான். மாட்டுவண்டியில் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுற்றுவதால் தொல்லை இல்லை. அச்சே சக்கரங்களைச் சுற்ற வேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது. அதை அவிழ்க்கப் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரக்காரர், 1820-களின் இறுதியில், நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். தையல் மெஷினும் சைக்கிளும் செய்துகொண்டிருந்த இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-ல் அதே தீர்வுக்குத் தன் வழியில் வந்தார். மகன் வில்லியமும் அவரும் பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்து மிதித்த வண்டியில், மகன் வலுவாக மிதிக்க, வண்டி ஒரு பக்கம் இழுத்துப்போய் அப்பாவைச் சாலையோரப் புதரில் தள்ளியது என்று சொல்வார்கள். முள்ளைத் தட்டிவிட்டுக்கொண்டே யோசித்திருப்பார் போலும்.

டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணக்கேடு உண்டு. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியை எல்லாம் கொடுத்துவிடும். சேற்றில் சிக்கிய அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைக்கும். மற்றது சாமி மாதிரி அசையாமல் நிற்கும். சாக்கையும் கல்லையும் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தள்ளாதவர் நம்மில் யார்?

பெரிய வண்டியில் நாம் ஊற்றும் ஆயில் இந்தக் குணக்கேட்டைக் கண்டுகொள்வதில்லை. அதன் வேலை பற்களைத் தேயாமல் காப்பது மட்டும்தான். 1926-ல் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் ஹைபாய்டு என்ற சாய்ந்த பல் அமைப்பு வந்தது. அதில் பல்லோடு பல் வழுக்கிக்கொண்டே அழுத்துவதால் சாதாரண எண்ணெய் தாங்கவில்லை. கந்தகம் முதலியவற்றைச் சேர்த்துப் புது ஆயில் செய்தார்கள். கியர் ஆயிலைத் தொட்டால் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாத அந்த வாடை அங்கிருந்து வந்ததுதான்.

பொம்மைக் காரில் ஊற்றுவதற்கு நேர் எதிரான வேலை. அது பற்களைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறது. திரவம் கெட்டியாக இருந்தால் உள்பற்கள் அதைக் கடைந்துகொண்டு சுற்ற வேண்டும். ஒரு சக்கரம் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓட முடியாது. ஆக, நான் வழித்துக் கொட்டியது வெறும் மசகு இல்லை, வண்டியின் ஒரு பாகம்!

அந்தத் திரவம் சிலிக்கோன். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஃபிரடெரிக் கிப்பிங் என்ற பேராசிரியர் சிலிக்கான் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டே வாழ்நாளைக் கழித்தார். சிலிக்கோன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருக்கு வேண்டியது சுத்தமான படிகங்கள்; குடுவையின் அடியில் பசையாகத் தங்கியதெல்லாம் தொல்லை. இவற்றால் பெரிய பயன் வராது என்றே 1930-களிலும் கருதினார். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அந்தப் பசையையே தேடிப்போனார்கள். கார்னிங் கண்ணாடிக் கம்பெனியில் ஃபிராங்ளின் ஹைட் ஒரு பக்கம், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் யூஜின் ரோச்சோ ஒரு பக்கம். 1943-ல் டவ் கார்னிங் கம்பெனி பிறந்தது. யுத்த விமானங்கள் உயரத்தில் பறக்கும்போது இக்னிஷனில் ஈரம் புகாமல் அடைக்க சிலிக்கோன் பசை போயிற்று.

சூடு ஏறினாலும் மற்ற எண்ணெய்களைப் போல நீர்த்துப்போகாததுதான் இதன் அருமை. 1980-ம் ஆண்டு மாடலாக வந்த ஏ.எம்.சி. ஈகிள் காரில், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே தகடுகளை அடுக்கி, சிலிக்கோன் திரவத்தை நிரப்பியிருந்தார்கள். பேரனின் வண்டியில் இருப்பது அதன் பங்காளி.

புட்டியின் மேல் 3000, 5000, 10000 என்று எண் போட்டிருக்கும். பாகுத்தன்மையை ஆராய்ந்த ஜார்ஜ் ஸ்டோக்ஸ் பெயரால் வந்த சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவு அது. தண்ணீர் சுமார் 1. நான் ஊற்றிய ஆயில் சில நூறுதான் வரும். பழையதில் கொஞ்சம் தங்கியிருந்தாலும் புது எண் பொய்யாகிவிடும். ஆகவேதான் துளிகூட மிச்சமில்லாமல் கழுவ வேண்டும்.

விடிந்ததும் மறுபடி பிரித்தேன். சிலிக்கோனும் 90 ஆயிலும் ஒன்றோடொன்று சேராமல், திரிந்த பால் போலக் கிடந்தன. ஸ்பிரிட்டில் சிலிக்கோன் கரையாது. மண்ணெண்ணெயில் இரண்டுமே கரையும். ரேஷன் கடையில் அது அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில், பரணில் ஒரு பாட்டில் வைத்திருந்தது உதவியது. முதலில் துணியால் வழித்து, கொல்லைப்புறத்தில் ஒரு கிண்ணத்தில் பற்களைப் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். கிண்ணத்தில் கறுப்பாகப் படிந்த வண்டலில் காந்தத்தை விட்டுப் பார்த்தேன். மீசை முளைத்தது போல இரும்புத்தூள் ஒட்டியது. ரப்பர் வளையங்கள் மண்ணெண்ணெயில் ஊறினால் உப்பிவிடும். அவற்றைத் தனியே சோப்புத் தண்ணீரில் விரலால் உருட்டிக் கழுவினேன். தின்னர் பக்கம் போகவில்லை. பிளாஸ்டிக் கூட்டை அது தின்றாலும் தின்றுவிடும். கடைசியில் எல்லாவற்றையும் சோப்பில் அலசி வெயிலில் காயவைத்தேன்.

புதுப் புட்டி வந்துசேர நான்கு நாள் ஆயிற்று. ஊற்றும்போது பேரனும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டான். கெட்டித் திரவத்தில் காற்றுக் குமிழ்கள் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எல்லாம் வந்து தீரும்வரை மூடக்கூடாது என்றேன். காத்திருந்தான். ஸ்க்ரூவை அவனே முடுக்கினான்.

சாயங்காலம் மைதானத்திலிருந்து திரும்பியவன், முன் டிஃபரன்ஷியலையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டிருந்தது. எதிர்வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுவர அவனையே அனுப்பினேன்.