ஜான்சிராணிப் படையின் பயிற்சிப் பாசறை

போர் வரலாறு எழுதுவோர் களத்தில் நிகழ்ந்தவற்றையே விரித்துரைப்பர். வீரரை உருவாக்கிய பாசறையை ஓரிரு வரிகளில் கடந்து செல்வர். ஆயினும் சில படைகளின் மெய்யான பெருமை பாசறையிலேதான் புலப்படும். மலாயாத் தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினராய்ச் சேர்ந்த ஜான்சிராணிப் படை அத்தகையது.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மறக்குடி மகள் தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்புகின்றாள். அவள் செல்லவில்லை, அனுப்பினாள். 1943இல் தமிழ்ப் பெண் தானே சென்றாள். இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இரப்பர்த் தோட்டங்கள் வேலையிழந்தன, அரிசி அரிதாயிற்று. ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் மீளவே இல்லை. இந்நிலையில் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப்படை அமைக்க அழைப்பு விடுத்தார். சென்னையிற் பிறந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். நாட்டுப்பற்றால் சேர்ந்தோர் உண்டு. பசியினின்றும் அச்சத்தினின்றும் தப்பச் சேர்ந்தோரும் உண்டு. இதனைக் கூறுவதால் அவர்தம் பெருமை குறையாது.

1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பயிற்சிப் பாசறை திறக்கப்பெற்றது. சேலை களைந்து காக்கியுடை பூண்டனர். கவாத்து, நெடுந்தொலைவு நடை, துப்பாக்கி சுடுதல், கையெறி குண்டு வீசுதல், துப்பாக்கி முனைக்கத்தியால் தாக்குதல் எனப் பயிற்சி தொடர்ந்தது. படையின் பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி. எனவே, தமிழன்றி வேறு மொழி அறியாத பெண், கட்டளைக்குப் பணியுமுன் அக்கட்டளையின் மொழியையே கற்க வேண்டியவளானாள்.

கோலாலம்பூரில் 1925இல் செல்வக் குடும்பத்திற் பிறந்த ஜானகி தேவர் அங்குச் சேர்ந்தவருள் ஒருவர். நேதாஜியின் வேண்டுகோளைக் கேட்டுத் தம் பொற்காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். தந்தையார் முதலில் மறுத்துப் பின்னரே இசைந்தார். வசதியாக வளர்ந்த அவருக்குப் பாசறையின் கடுமை தொடக்கத்தில் தாங்கவொண்ணாததாக இருந்தது; நாளடைவில் பழகிற்று. தோட்டத்திலிருந்து வந்த பெண்ணின் நிலை வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, வாளி சுமந்து பழகிய உடல் அவளுடையது. அவளுக்குக் கடுமை புதிதன்று, மதிப்பே புதிது. கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சியவள், ‘ஜெய்ஹிந்த்’ என்று நிமிர்ந்து வணங்கினாள். பிறரும் அவளை அவ்வாறே வணங்கினர். சீமாட்டியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே கூரையின்கீழ் உறங்கியது அக்கால மலாயாவில் எளிய செயலன்று.

எனினும் அச்சமத்துவம் முழுமையுற்றது என்பதற்கில்லை. பாசறையிற் பதவிகள் கல்வித் தகுதி கருதியே வழங்கப்பட்டன. பள்ளிக் கல்வி பெற்றோர் உயர்ந்தனர்; எழுத்தறியாத தோட்டப்பெண் பெரும்பாலும் சிப்பாயாகவே நின்றாள். தோட்டத்தில் அவளுக்கு மறுக்கப்பட்ட கல்வி, பாசறையிலும் அவளைப் பின்வரிசையில் நிறுத்திற்று.

1944 மார்ச்சில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடைபெற்றது. பலர் பர்மா சென்றனர். ஒரு பகுதியினர் செவிலியராய்ப் பணியாற்றினர். இம்பால் படையெடுப்பு தோற்றமையால் அவர்கள் முன்னணிக் களம் காணவில்லை. 1945 ஏப்ரலில் இரங்கூனைவிட்டு நெடுவழி நடந்து பின்வாங்கினர். பாசறையிற் பழகிய நடையே அவர்களைக் காத்தது எனலாம்.

ஜானகி, 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றத் துணைநின்றார், பின்னர் மேலவை உறுப்பினரானார், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2014இல் மறைந்தார். கோலாலம்பூரிலுள்ள இந்தியப் பண்பாட்டு மையம் 2015இல் நேதாஜியின் பெயரைப் பெற்றது. இவை தக்க சிறப்புகளே. ஆனால் அவர்தம் பின்வரிசையில் நின்ற சிப்பாய்ப் பெண்கள் மீண்டும் பால்மரக் காட்டிற்கே திரும்பினர். எழுதத் தெரிந்தோர் நினைவுகளை எழுதினர். எழுதத் தெரியாதோர் தம் நினைவுகளைத் தம்மோடே கொண்டு சென்றனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அப்பெண்களின் பேரப் பிள்ளைகளும் அவர்தம் மக்களும் நம் தமிழ்ப்பள்ளிகளிற் பயிலக்கூடும். வீட்டில் எஞ்சியுள்ள ஒரு பழம்படத்தை, பாட்டி கூறியதாய்த் தாய் கூறும் ஒரு செய்தியை எழுதி வருமாறு மாணவரைப் பணித்தல் ஆசிரியர்க்கு அரிதன்று. கல்வியின்மையால் பெயரிழந்தோர்க்குக் கல்விக்கூடமே பெயரை மீட்டுத் தருதல் முறையாகும்.