கடையில் வரும் கணக்கு வகுப்பில் வராதது ஏன்? பிள்ளைகளுக்கு கணிதத்தை பிடிக்க வைப்பது எப்படி?

"எனக்கு மேத்ஸ் சுத்தமா வராது சார்..." பல வகுப்பறைகளில் கேட்கும் குரல் இது. ஆனால் அதே மாணவன் மாலையில் அப்பாவின் காய்கறிக் கடையில் நின்றால், முக்கால் கிலோ தக்காளி எவ்வளவு, 200 ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். அப்படின்னா, வராதது கணக்கா? இல்லை, நாம் சொல்லித்தரும் விதத்தில் ஏதோ விடுபடுகிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

சந்தையில் நடந்த சோதனை

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழுவினர், கொல்கத்தா மற்றும் டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர், சிறுமியரிடம் ஆய்வு நடத்தினர். 2025-ல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது.

ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர் போலவே போனார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ. மொத்தம் 37 ரூபாய். 200 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி 163. இப்படிப்பட்ட கணக்குகளை பிள்ளைகளில் பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் பாடக் கணக்கைக் கொடுத்தபோது, சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் விடை வந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு மட்டும் செல்லும் மாணவர்கள் பாடக் கணக்கை நன்றாகப் போட்டனர். ஆனால் சந்தைக் கணக்கில் திணறினர். அதாவது ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை.

35-ஐ 4-ஆல் பெருக்கினால் 200?

இது நம் நாட்டில் மட்டும் உள்ள பிரச்னை இல்லை. 1985-ல் பிரேசிலின் ரெசிஃபே நகர ஆய்வு ஒன்றில், தேங்காய் விற்ற 12 வயதுப் பிள்ளையிடம் 35 க்ருசேரோ விலையில் 4 காய் கேட்டார்கள். 3 காய்க்கு 105, அதோடு இன்னொரு 35 சேர்த்து 140 என்று சரியான விடை வந்தது.

அதே பிள்ளை, பள்ளியில் கேட்பது போல 35 x 4 என்று கேட்டதும் 200 என்றது. எப்படி? 4 x 5 = 20. பூஜ்ஜியத்தைப் போட்டு, மீதி 2. அதை முதலில் 3-உடன் கூட்டி 5 ஆக்கி, பிறகு 4-ஆல் பெருக்கியதால் வந்த தவறு இது. பெருக்குவதற்கு முன்பே மீதியைக் கூட்டிவிட்டது அந்தப் பிள்ளை. அர்த்தம் புரிந்த கணக்கு வந்தது. விதியை மட்டும் மனப்பாடம் செய்த கணக்கு வரவில்லை.

பயமும் ஒரு காரணம்

விடை தப்பினால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும்போது, கணக்கை மனதில் பிடித்து வைக்கும் திறனின் ஒரு பகுதியை அந்தக் கவலையே எடுத்துக்கொள்கிறது. தெரிந்த கணக்கும் தப்பாகப் போகிறது. "பொம்பளப் புள்ளைக்கு கணக்கு எதுக்கு?", "உனக்கு இது வராது" போன்ற பேச்சுகள் இந்தப் பயத்தை இன்னும் வளர்க்கின்றன.

உண்மையிலேயே எண்கள் சிரமமாக இருந்தால்?

சில குழந்தைகளுக்கு எது பெரிய எண், எது சிறிய எண் என்று பிரிப்பதே கஷ்டமாக இருக்கும். தொடர்ந்து பயிற்சி கொடுத்தும் மாறாமல் இருந்தால் அது 'டிஸ்கால்குலியா' என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். இது சோம்பேறித்தனமோ, அறிவுக் குறைவோ இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதையும் அங்கீகரித்துள்ளது. இப்படிச் சந்தேகம் இருந்தால் பள்ளியின் சிறப்பு ஆசிரியரையோ குழந்தைகள் நல மருத்துவரையோ அணுகலாம்.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை. இதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில் பிரிக்கப்பட்டு, பாடல், விளையாட்டு, செயல்பாடு மூலம் கற்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும், கூட்டல் தெரியவில்லை என்றால் கூட்டலில் இருந்தே ஆரம்பிக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

ஆசிரியர்களும் பெற்றோரும் என்ன செய்யலாம்?

* விடை தப்பா, சரியா என்பதற்கு முன், "எப்படிப் போட்ட?" என்று கேளுங்கள். தவறு எந்த இடத்தில் நடந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

* மனக்கணக்காகச் சொன்னதை நோட்டில் எழுத வையுங்கள். 35 x 4 என்பதை 30 x 4 = 120, 5 x 4 = 20, மொத்தம் 140 என்று பிரித்துக் காட்டுங்கள். கடைக்கும் நோட்டுக்கும் பாலம் இதுதான்.

* பஸ் டிக்கெட், பால் கணக்கு, கோலப் புள்ளி, கிரிக்கெட் ரன் ரேட் எல்லாமே பாடம்தான். வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உதாரணமாகப் பார்த்து எடுங்கள்.

* முதலில் கை தூக்குபவரிடம் மட்டும் விடை கேட்காதீர்கள். எல்லோருக்கும் யோசிக்க நேரம் கொடுங்கள்.

* "எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது" என்று பிள்ளைகள் முன் சொல்வதைத் தவிருங்கள்.

ஒரு குழந்தை கணக்கில் பூஜ்ஜியம் வாங்கியதும் "இதுக்கு வராது" என்று முடிவு கட்டிவிட்டால், பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பிரிவில் சேரலாம் என்பதுவரை பல கதவுகள் மூடிவிடுகின்றன. அதனால் அடுத்த முறை கடைக்கு அனுப்பும்போது, மீதிச் சில்லறையை எப்படிக் கணக்குப் போட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.