பழைய தமிழ்ப் படங்களைக் கூடிப் பார்த்தல்: ஒரு வரலாறு

ஒரு படத்தை வெளியான ஆண்டிலேயே பார்ப்பது தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. நகரத்தில் ஓடி முடிந்த படமே கிராமத்துக் கொட்டகைக்கு வந்தது. அங்கும் அது ஒருமுறை வந்ததோடு நிற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தது, திருவிழாவுக்கு வந்தது, இசைத்தட்டாக வந்தது, பின்னர் தொலைக்காட்சியில் வந்தது. பழைய படத்தை நாலுபேரோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்குத் தனி வரலாறு உண்டு. எந்தப் படங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன, எவை இல்லை என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதியும் அதில் இருக்கிறது.

தொடக்கம்: ஊர் ஊராகச் சென்ற படம்

தென்னிந்தியாவில் சினிமா பயணியாகவே அறிமுகமானது. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் துண்டுப்படமும் இருந்தது. வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். வடக்கே பெஷாவர் வரை சென்றதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார்.

வின்சென்ட்டிடம் இருந்தவை சில படங்கள்தாம், ஊர்கள்தாம் மாறின. ஓர் ஊரில் சில நாள் தங்கும்போது அதே படத்தை அதே மக்கள் மறுபடி வந்து பார்த்தார்கள். புதுப்படம் வாரந்தோறும் வரும் என்ற எதிர்பார்ப்பு உருவாவதற்கு முன்பே, பார்த்ததைத் திரும்பப் பார்க்கும் வழக்கம் இப்படி உருவாகிவிட்டது.

டூரிங் டாக்கீஸ் காலம்

பேசும்படம் வந்தபின் இந்தப் பயணக் கொட்டகைகள் டூரிங் டாக்கீஸ் ஆயின. கீற்றும் தகரமும் வேய்ந்த கொட்டகை, மணல் பரப்பிய தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சில நாற்காலிகள் என்பதே பொதுவான அமைப்பு. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் கிடைத்ததால், காலம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து வேறிடம் செல்ல வேண்டியிருந்தது. ஒரே ஒரு புரொஜெக்டர் வைத்திருந்த கொட்டகைகளில் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடப்பட்டது. மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் எழுந்தால் காட்சி தொடங்கப்போகிறது என்று பொருள். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து நடந்தும் மாட்டுவண்டியிலும் மக்கள் வந்தனர்.

இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளத்தை எடுத்துக்கொண்டால் இந்த அமைப்பின் இயல்பு புரியும். ஏகாம்பரேசுவரர் கோயிலும் குன்றின்மேல் தண்டாயுதபாணி கோயிலும் உள்ள இவ்வூர், சின்ன வெங்காயச் சாகுபடிக்குப் பெயர்பெற்றது. 1995இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. இத்தகைய வேளாண் ஊர்களுக்கும் சென்னை, மதுரை, திருச்சி ஆகிய நகரங்களின் வெளியீட்டு அரங்குகளுக்கும் இடையே விநியோகத்தில் பல படிகள் இருந்தன. முதல் வரிசை அரங்குகளில் ஓட்டம் முடிந்த பிறகே படப்பெட்டி சிறுநகரத்துக்கு வரும். அதன்பின் கிராமக் கொட்டகைக்கு வரும். வாடகை குறைந்த பழைய படங்களே கொட்டகைக்காரருக்குக் கட்டுப்படியாயின. எனவே எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் படங்களும் புராணப் படங்களும் ஆண்டுதோறும் சுற்றி வந்தன. நகரவாசிக்குப் ‘பழைய படம்’ ஆனது கிராமத்தவருக்கு நிகழ்காலப் படமாக இருந்தது.

மறுமுறை பார்க்கிறவர் கதை தெரிந்தே வருகிறார். அடுத்த வசனம் அவருக்குத் தெரியும். நடிகருக்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். கூத்தும் புராண நாடகமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய இன்பம். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் முடிவு தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் எவரும் இல்லை.

கேட்கப்பட்ட படங்கள்

திரை இல்லாத இடத்திலும் படம் திரும்பத் திரும்ப வாழ்ந்தது. கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்கள் ஆகியவை இருக்கும். கதைச் சுருக்கத்தை முழுதும் சொல்லாமல், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பது வழக்கம். ‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் வசனங்கள் இசைத்தட்டாகவும் பின்னர் ஒலிநாடாவாகவும் வந்து, கல்யாண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் ஒலிபெருக்கியில் முழங்கின. வானொலி ஒலிச்சித்திரம் ஒரு படத்தை ஒரு மணி நேரக் கேள்வி அனுபவமாக்கியது. படத்தைப் பார்க்காமலே அதன் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த தலைமுறை இப்படி உருவானது.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஞாயிறு மாலைப் படமும் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியும், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரு வீட்டையோ ஊராட்சிக் கட்டடத்தையோ சிறு கொட்டகையாக மாற்றின. 1980களில் டெக்கும் வண்ணத் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து ஓரிரவில் மூன்று படம் பார்ப்பது கிராமத்து விசேஷங்களின் பகுதியானது. அந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் பெரியவர்கள் கேட்ட பழைய படமாக இருக்கும். இதே தொலைக்காட்சியும் வீடியோவும் டூரிங் டாக்கீஸ்களை ஒவ்வொன்றாக மூடவும் வைத்தன.

இழந்தவை

இவ்வளவு திரும்பப் பார்த்த சமூகம் தன் தொடக்ககாலப் படங்களைக் காப்பாற்றவில்லை. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். அதன் பிரதி இல்லை. 1931 அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் பிரதியும் இல்லை. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி பின்னர் இயக்கிய ‘மிஸ் கமலா’வும் (1936) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1300 மௌனப் படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு.

காரணங்கள் பல. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில் விரைவில் சிதையும். படச்சுருளில் வெள்ளி இருந்ததால், ஓட்டம் முடிந்த பிரதிகளைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள்; எஞ்சிய சுருள் வளையல் முதலிய பொருள்கள் செய்யப் போயிற்று. பேசும்படம் வந்தபின் மௌனப் படத்தைக் கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாததைச் சேமித்து வைக்கக் கிடங்கு வாடகை கொடுக்க எவரும் முன்வரவில்லை. மறுஓட்ட மதிப்பு இருந்த படம் பெட்டியில் தங்கியது, இல்லாதது அழிந்தது.

தங்கியதும் முழுதாகத் தங்கவில்லை. மக்கள் விரும்பிய படமே அதிகம் ஓட்டப்பட்டது. அதிகம் ஓட்டப்பட்ட பிரதியே அதிகம் கீறப்பட்டது. அறுந்த இடத்தை ஒட்டும்போதெல்லாம் சில சட்டகங்கள் குறைந்தன. பாடல்களுக்காக ரீல்களை வெட்டியவர்களும் உண்டு. ஒரு படத்தை உயிரோடு வைத்த விருப்பமே அதைத் தேயவும் வைத்தது.

தப்பிப் பிழைத்ததற்கு விசித்திரமான காரணமும் உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவிய மௌனப் படம். நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் பதிப்பகம் வழக்குத் தொடர்ந்ததால் படம் முடக்கப்பட்டு, பிரதி கைப்பற்றப்பட்டது. 1974இல் தேசியத் திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. ஓடியிருந்தால் தேய்ந்தோ கழுவப்பட்டோ போயிருக்கக்கூடிய படம், ஓடாமல் பூட்டிக் கிடந்ததால் நமக்குக் கிடைத்தது.

காப்பகமும் திரைப்படச் சங்கங்களும்

தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் புனேயில் நிறுவப்பட்டது. அங்கு நெடுங்காலம் பணியாற்றிய பி.கே. நாயர் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் தேடிப் படச்சுருள்களைச் சேர்த்தார். கே. சுப்ரமணியம் இயக்கி, கல்கியின் கதையில் உருவாகி, பிரிட்டிஷ் அரசால் தடை செய்யப்பட்ட ‘தியாக பூமி’யின் (1939) பிரதி அங்குப் பாதுகாக்கப்பட்டது. காப்பகமும் விபத்துக்கு விலக்காகவில்லை. 2003 ஜனவரியில் நேர்ந்த தீயில் நைட்ரேட் படச்சுருள்கள் பல எரிந்தன.

காப்பகத்தில் இருப்பதைப் பார்வையாளரிடம் கொண்டுவந்தவை திரைப்படச் சங்கங்கள். லண்டனில் 1925இலும் கல்கத்தாவில் 1947இலும் தோன்றிய இவ்வகைச் சங்கங்களின் வழியில் சென்னையிலும் 1950களில் திரைப்படச் சங்கம் உருவானது; அதன் முன்னோடிகளில் ஒருவர் அம்மு சுவாமிநாதன். 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது சத்யஜித் ராய் அதன் தலைவராகவும் அம்மு சுவாமிநாதன் துணைத்தலைவராகவும் இருந்தனர். உறுப்பினர் சந்தா, வாடகை அரங்கு, படம் முடிந்ததும் பேச்சு என்பதே நடைமுறை.

வசூல் கைவிட்ட படங்களுக்கு இச்சங்கங்கள் இரண்டாவது விசாரணை அளித்தன. பாடலே இல்லாமல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) வெளியானபோது வணிகரீதியாகத் தோற்றது. இன்று தமிழின் சிறந்த படங்களைப் பட்டியலிடுவோர் அதை விடுவதில்லை. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) கூட்டம் சேராமல் தொடங்கிப் பின்னரே பேசப்பட்டது. வெங்கட் சாமிநாதன் எழுதி, ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) தேசிய விருது பெற்றும் திரையரங்கில் பரவலாக வரவில்லை. தூர்தர்ஷனில் அறிவிக்கப்பட்ட ஒளிபரப்பும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதைப் பார்த்தவர்களில் பலர் சங்கத் திரையிடல்களில் பார்த்தவர்கள்.

சங்கங்கள் நகரத்துப் படித்தவர்களோடு நின்றுவிட்டன என்ற விமர்சனம் நியாயமானது. அதற்கு ஒரு மாற்று எடுத்துக்காட்டு கர்நாடகத்தின் ஹெக்கோடு. கே.வி. சுப்பண்ணாவின் நீனாசம் அமைப்பு 1970களின் இறுதியில் அந்தச் சிற்றூரில் உலகப் படங்களைத் திரையிட்டது. விவசாயிகள் வந்து பார்த்தனர். தமிழ்நாட்டில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும், ‘நிழல்’ இதழும், பின்னர் தமிழ் ஸ்டுடியோவும் சென்னைக்கு வெளியே திரையிடல்களையும் பயிற்சிகளையும் நடத்தின.

மறுவெளியீட்டு அலை

2012 மார்ச் 16இல் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) டிஜிட்டல் வடிவில் மீண்டும் வெளியாகி நூறு நாளைக் கடந்து ஓடியது. சிதைந்த படத்தையும் ஒலியையும் சீராக்கி அதை வெளியிட்டது திவ்யா பிலிம்ஸ். அதே நிறுவனம் 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தையும் வெளியிட்டது. ‘திருவிளையாடல்’, ‘பாசமலர்’, ‘வசந்த மாளிகை’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஆகியவையும் இக்காலத்தில் திரும்ப வந்தன. அரங்குகள் படச்சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியதால், பிரதி எடுக்கும் செலவு இல்லாமல் பல ஊர்களில் ஒரே நாளில் வெளியிட முடிந்தது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ (2004) பெற்ற வரவேற்புக்குப் பின், இருபது ஆண்டு வயதான படமும் ‘பழைய படம்’ என்ற வரிசையில் சேர்ந்தது.

அரங்கில் நடப்பது ஒரு சடங்கை ஒத்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வசனம் சொல்கிறார்கள். பாட்டுக்கு எழுந்து ஆடுகிறார்கள். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் படத்துக்குப் பணம் கொடுத்து வருகிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது பக்கத்து இருக்கைக்காரரின் துணையை.

இந்த அலைக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, பழைய சதுரச் சட்டகத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டுவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசுவது போன்ற மாற்றங்கள். தெலுங்கு ‘மாயாபஜார்’ (1957) 2010இல் வண்ணத்தில் வெளிவந்தது கூட்டத்தை ஈர்த்தது. ஆனால் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லே கறுப்பு வெள்ளைக்காக அமைத்த ஒளி அதில் வேறொன்றாகிவிட்டது. இரண்டாவது, பெரிய நட்சத்திரங்களின் வெற்றிப்படங்களுக்கே முதலீடு கிடைக்கிறது. நட்சத்திரம் இல்லாத படம், தயாரிப்பாளர் மறைந்து உரிமை யாரிடம் என்று தெரியாத படம், நெகட்டிவ் கெட்டுப்போன படம் ஆகியவை வரிசையில் இல்லை. மௌனப் படங்களை அழித்த அதே கணக்கு வேறு உருவில் தொடர்கிறது.

ஆவணமும் நினைவும்

படமே இல்லாதபோது வரலாறு எழுத உதவியவை சிறு பொருள்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் (இறப்பு 2016) படங்களின் பெயர், நடிகர், வெளியான நாள் ஆகியவற்றை ஆயுள் முழுதும் தொகுத்தார். சு. தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமாவை வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். அவருடைய ஆங்கில நூல் ஒன்று சினிமா குறித்த சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றைக் கொண்டு உருவான சென்னை ஆராய்ச்சி நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் உள்ளன.

பார்வையாளரின் வரலாறு மட்டும் இன்னும் பெரிதும் எழுதப்படாமல் இருக்கிறது. செட்டிகுளம் போன்ற ஊர்களில் எந்த இடத்தில் கொட்டகை நின்றது, தரை டிக்கெட் எவ்வளவு, பெண்கள் எந்தப் பக்கம் அமர்ந்தார்கள், யார் தரையில் உட்கார வேண்டியிருந்தது, யார் நாற்காலிக்குப் போக முடிந்தது, எந்தப் படம் திரும்பத் திரும்பக் கேட்டு வரவழைக்கப்பட்டது என்பவை அரசு ஆவணங்களில் முழுமையாகக் கிடைக்காது. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது வயதைக் கடந்தவர்கள். ஒரு பழைய படத்தை ஊர்ப் பொதுவிடத்தில் திரையிட்டு, முடிந்ததும் அவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்வது கல்லூரி மாணவர் ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய வேலை. பெட்டியின் அடியில் கிடக்கும் பாட்டுப் புத்தகமோ கொட்டகை நோட்டீஸோ அப்போது வெளியே வர வாய்ப்புண்டு.