கோபிசந்தின் முழங்கால்

முழங்கால் மூட்டினுள் கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்தால் தானாகக் கூடுவது அரிது. எனவேதான் 1917இல் ஹே குரோவ்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், தொடையின் புறப்பகுதித் திசுவை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அவற்றின் வழியே செலுத்திப் புதிய நாரை அமைத்தார். கருவிகள் நுட்பமாகிவிட்ட போதிலும், அடிப்படை முறை இன்றும் அதுவே.

ஹைதராபாத்தின் இறகுப்பந்து வரலாறு இச்சிகிச்சைக்குப் பெரிதும் கடன்பட்டது. 1994இல் புனே தேசிய விளையாட்டுப் போட்டியின் இரட்டையர் ஆட்டத்தில் தம் இணையுடன் மோதி இத்தசைநார் அறுந்த புல்லேலா கோபிசந்த், அறுவைச் சிகிச்சைக்குப்பின் மீண்டு, 1996 முதல் ஐந்து முறை தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார். ஒற்றைக் காலில் பாய்ந்து, நின்று, சட்டெனத் திரும்பவேண்டிய இவ்வாட்டம் முழங்காலுக்கு இரக்கம் காட்டுவதில்லை. ஆயினும் 2001இல் அவர் சீனாவின் சென் ஹாங்கை வீழ்த்தி ஆல் இங்கிலாந்து பட்டத்தையும் கைப்பற்றி, பின்னர் ஹைதராபாத்தின் கச்சிபவுலியில் பயிற்சிக்கூடம் நிறுவினார்.