கெல்லேர்ட் விடுதியும் வெந்நீர்க் குளியலகமும்

கெல்லேர்ட் என்பது அங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில், இயற்கை வெந்நீர் ஊற்றுகளை ஆதாரமாகக் கொண்டு கட்டப்பட்ட தங்குவிடுதியும் பொதுக் குளியலகமும் இணைந்த கட்டடம் ஆகும். இது நகரின் நடுவே தன்யூப் ஆற்றின் மேற்குக் கரையில், கெல்லேர்ட் குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. 1918 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. புதுப்பிப்புப் பணிகளுக்காக விடுதி 2021 இலும் குளியலகம் 2025 இலும் மூடப்பட்டன.

ஊற்று நீர்

புடா மலைகளில் பெய்யும் மழைநீர் சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகள் வழியே நிலத்தின் ஆழத்துக்கு இறங்குகிறது. இப்பகுதியில் புவியோடு மெல்லியதாக இருப்பதால் நீர் விரைவில் சூடாகிறது. பின்னர் ஆற்றங்கரையை ஒட்டிய நிலப்பிளவுகள் வழியாக ஊற்றாக மேலெழுகிறது. பாறைகளிலிருந்து கரைந்த கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், சல்பேட் போன்றவை இந்நீரில் உள்ளன. மூட்டு நோய்களுக்கும் முதுகெலும்பு நோய்களுக்கும் மருத்துவர்கள் இக்குளியலைப் பரிந்துரைத்து வந்தனர்.

வரலாறு

துருக்கியர் ஆட்சிக் காலத்திலேயே இவ்விடத்தில் குளியலகம் இருந்தது. ஊற்றுடன் சேறும் வந்ததால் பிற்காலத்தில் அது 'சேற்றுக் குளியல்' எனப் பெயர் பெற்றது. 1896 இல் திறக்கப்பட்ட, இன்று விடுதலைப் பாலம் எனப்படும் பாலத்தின் கட்டுமானத்துக்காக அது இடிக்கப்பட்டது. இன்றைய கட்டடத்தின் பணிகள் 1912 இல் தொடங்கின. ஆர்மின் ஹெகெதூஷ், அர்தூர் ஷெபெஷ்த்யேன், இசிதோர் ஷ்டெர்க் ஆகியோர் இதனை வடிவமைத்தனர்.

1927 இல் செயற்கை அலைகள் எழும் திறந்தவெளிக் குளமும், 1934 இல் குமிழிக் குளமும் சேர்க்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பெரும் சேதமடைந்த கட்டடம் பின்னர் சீரமைக்கப்பட்டது.

கட்டடக்கலை

புதுக்கலைப் பாணியில் அமைந்த இக்கட்டடத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் ஜோல்னாய் தொழிற்சாலையின் மெருகூட்டிய பீங்கான் ஓடுகளும் புகழ்பெற்றவை. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியாக இருந்த வெந்நீர்ப் பகுதிகள் 2013 முதல் பொதுவாக்கப்பட்டன.

உரிமையும் புதுப்பிப்பும்

விடுதி விருந்தினர் மின்தூக்கி வழியாக நேரே குளியலகத்துக்கு இறங்க முடிந்தது. நகர மக்களோ நுழைவுச்சீட்டு பெற்று அதே குளங்களில் நீராடினர். இன்று விடுதி தனியார் வசமும், குளியலகம் மாநகர நிறுவனத்தின் வசமும் உள்ளன. விடுதி மாண்டரின் ஓரியண்டல் என்னும் பன்னாட்டுச் சொகுசு விடுதி நிறுவனத்தின் பெயரில் திறக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அது மூடிய பின்னரும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் குளியலகம் இயங்கியது. 2025 அக்டோபர் 1 அன்று அதுவும் மூடப்பட்டது. 2028 இல் அதனை மீண்டும் திறப்பது மாநகரத்தின் திட்டம். நூறாண்டைக் கடந்த குழாய்களையும் இயந்திரங்களையும் மாற்றும்போதே பழைய ஓடுகளையும் சாளரங்களையும் காப்பது இப்பணியின் முதன்மைச் சவாலாகும்.