கருவும் சட்டமும்: முஹ்தஸிப் காலம் முதல் இன்று வரை

ஹிஜ்ரி 319 (கி.பி. 931). பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறான சிகிச்சையால் ஒரு மனிதர் இறந்துபோன செய்தி கலீஃபா அல் முக்ததிரின் செவிக்கு எட்டியது. ஸினான் இப்னு தாபித் என்னும் தலைமை மருத்துவர் சோதித்துச் சான்று வழங்கினாலன்றி எவரும் நகரில் வைத்தியம் செய்யலாகாது என்று ஆணை பிறந்தது. 860 பேருக்கு மேல் அந்தச் சோதனைக்கு வந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர்.

சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்தில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அஷ் ஷைஸரீ, அங்காடியையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்காக ஒரு நூல் யாத்தார். மருத்துவரிடம் அவ்வதிகாரி வாங்க வேண்டிய உறுதிமொழியை அதில் காணலாம். நஞ்சு கூட்டக்கூடாது; கருவைக் கலைக்கும் மருந்தைப் பெண்களுக்குச் சொல்லக்கூடாது; நோயாளியின் வீட்டில் கண்ணைத் தாழ்த்த வேண்டும்; இரகசியத்தை வெளியிடக்கூடாது. கவனிக்கத்தக்கது யாதெனில், இவ்வுறுதி முழுவதும் மருத்துவரைக் கட்டுவதேயாகும். இத்தனைக்கும் அவருக்கு முந்திய இப்னு ஸீனா தம் ‘அல் கானூன்’ நூலில், பிரசவம் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய சிறுவயதுப் பெண்ணுக்குக் கருவை அகற்ற வேண்டிவரும் என்று எழுதியிருந்தார்.

ஃபிக்ஹு நூல்களின் போக்கும் ஒற்றைப்படையானதன்று. கருவுக்கு உயிர் ஊதப்படும் 120 நாட்களை எல்லையாகக் கொண்டே பெரும்பாலான விவாதங்கள் நடந்தன. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தொடக்கநிலைக் கருவைச் சிதைப்பதையும் குற்றமென்றே கருதி, கரு வளர வளரக் குற்றமும் கூடும் என்றார். ஹனஃபி அறிஞர் பலர் தக்க காரணம் இருப்பின் அவ்வெல்லைக்கு முன் அனுமதித்தனர். அக்காரணத்துக்கு இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்துக்காட்டும் நிலை நெஞ்சைத் தொடுவது: பாலூட்டும் தாய் மீண்டும் சூலுற்றுப் பால் வற்றிவிடுகிறது, செவிலித்தாய்க்குக் கூலி கொடுக்கத் தகப்பனுக்கு வகையில்லை, மடியிலுள்ள பிள்ளை மடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள்.

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு இத்தகைய காரணம் எதையும் கேட்கவில்லை. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்தாலொழிய, கருவைக் கலைப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை; கருவில் உயிரசைவு தோன்றிய பின்னரெனில் ஏழாண்டு வரை. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. கற்ற மருத்துவர் அஞ்சி விலகினால், அவ்விடத்தில் குச்சியும் மூலிகையும் கொண்டு கைவைப்போர் நுழைவது இயல்புதானே!

1964இல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1966இல் அதன் அறிக்கை வந்தது. 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி 1972 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்தது. பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையிலோ அரசு ஒப்பிய இடத்திலோ நடக்க வேண்டும். 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 வாரம் வரை இருவர் கருத்தும் வேண்டும் என்பது 2021 வரை இருந்த விதி. உண்மையில் இச்சட்டம் பழைய தண்டனைப் பிரிவிலிருந்து மருத்துவருக்கு அளித்த பாதுகாப்பே. பெண்ணின் ஒப்புதலை உறையிலிட்டு ஒட்டி ‘இரகசியம்’ என்று குறிக்க வேண்டும், பிற ஏடுகளில் அவள் பெயர் வரலாகாது என்ற விதிகளைப் படிக்கும்போது ஷைஸரீயின் உறுதிமொழி நம் நினைவுக்கு வருகிறது.

பிணக்கெல்லாம் ‘இடம்’ பற்றியே எழுந்தது. ஒப்புதல் வழங்கும் அதிகாரம் மாநிலத் தலைநகரில் இருந்தவரை தனியார் மருத்துவமனைகள் அதனைப் பெறுவது எளிதாயில்லை. 2002இன் திருத்தம் அதனை மாவட்டக் குழுவுக்கு இறக்கியது. தகுதியற்றவர் செய்தால் இரண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல் என்றும் விதித்தது. ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்கிய இம்முறை அறிவுடைய செயல் என்பதே நம் கருத்து.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2013இல் எதிர்வழியில் சென்றது. கருக்கலைப்பு செய்யும் மருத்துவருக்கு 30 மைலுக்குள் உள்ள மருத்துவமனையொன்றில் நோயாளியைச் சேர்க்கும் உரிமை இருக்க வேண்டும் என்றும், சிறு மருத்துவ இல்லமும் அறுவைக் கூடத்துக்குரிய அமைப்புடன் திகழ வேண்டும் என்றும் சட்டம் செய்தது. சுமார் 40 இல்லங்களில் பாதி மூடப்பட்டன. பாதுகாப்பின் பெயரால் வந்த இத்தடைகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கியது. ஆனால் 2022இல் அதே நீதிமன்றம் அவ்வுரிமையையே அரசமைப்பிலிருந்து அகற்றிவிட்டது.

நம் நாட்டில் 2021இன் திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்கு எல்லையை 24 வாரமாக்கியது. மணமாகாத பெண்ணும் அதில் அடங்குவாள் என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்க்க நோக்கில் இவற்றை ஏற்கத் தயங்குவோர் நம்மிடையே பலர். 120 நாளைக் கடந்தபின் தாயின் உயிருக்கு ஆபத்து என்னும் காரணத்தைத் தவிர வேறெதனையும் நாமும் ஏற்பதற்கில்லை. ஆனால் இப்னு ஆபிதீன் சுட்டிய அந்தத் தாய் இன்றும் இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில், உற்றார் அருகில்லாமல், முறைவேலைக்குச் செல்லும் கணவனுடன் வாடகை அறையில் கைக்குழந்தையோடு வாழ்பவள் அவள். ஒப்புதல் பெற்ற இடம் எது, பெயர் வெளிவருமா என்பதை அவளுக்கு யார் சொல்வார்? மருந்துக்கடையில் சீட்டின்றி மாத்திரை கேட்கத் துணிபவள் சட்டத்தின் காவலுக்கு வெளியே நிற்கிறாள். 1860இன் அந்தப் பிரிவோ, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது; தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன்படி இன்றும் குற்றவாளியே.