காவல் யார் கையில்?

கனடாவின் மேற்குக் கடலில் இருக்கும் ஹைடா குவாய் தீவுகளில், 1985ஆம் ஆண்டு மரம் வெட்டும் சாலையை மறித்து ஹைடா மக்கள் உட்கார்ந்தார்கள். இடம் லயல் தீவு. பொத்தான் தைத்த சடங்குப் போர்வையோடு முதலில் கைதானவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தான்; மொத்தம் 72 பேர் கைதானார்கள். காட்டைக் காத்த பழங்குடிகளின் கதையாகவே இது சொல்லப்படுகிறது. என் கணிப்பில் அது பாதிக் கதை. ஹைடாக்களிலும் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் உண்டு. இன்று அவர்களுடைய சொந்த நிறுவனமே மரம் வெட்டி விற்கிறது. எந்த மரத்தை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று முடிவு செய்வது யார் என்பதே அன்றைய வழக்கு. லயல் தீவு அடங்கிய குவாய் ஹானாஸ் பகுதிக்காக 1993இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பார்த்தால் இது விளங்கும். நிலம் எங்களுடையது என்று ஹைடாக்களும், அரசுடையது என்று கனடாவும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். சண்டையைத் தீர்க்காமலே, இரு தரப்புக்கும் சம இடமுள்ள நிர்வாகக் குழுவை அமைத்தார்கள். அரசாங்கத் தாள்களில் இவ்வளவு நேர்மையைக் காண்பது அரிது.

பழங்குடிகள் மட்டும் இயற்கையை அழிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் வந்தபோது கடல் நீர்நாய்களை வேட்டையாடி விற்றவர்களில் ஹைடாக்களும் இருந்தார்கள். நீர்நாய் ஒழிந்ததும், அது தின்றுவந்த கடல் முள்ளெலிகள் பெருகின. அவை கெல்ப் பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்தன. ஆகவே காவல் குணம் ரத்தத்தில் வருவதில்லை. ஆனால் இதை வைத்து அவர்களிடம் அதிகாரம் தரக்கூடாது என்பது சரியான வாதமல்ல. கெட்டதைச் சரிசெய்ய இறங்கியதும் அதே கூட்டு நிர்வாகம்தான்: அண்மையில் மூன்று கிலோமீட்டர் கரையோரத்தில் முக்குளிப்பவர்கள் முள்ளெலிகளை அகற்றினார்கள், தின்னத்தக்க சினை ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போனது.

வேலை போயிற்றே என்பது இன்னொரு குறை. குவாய் ஹானாஸில் மரவெட்டு நின்றதால் சிலர் நட்டப்பட்டது உண்மை. அதற்கு ஈடாக வந்த பணத்தில் சுமார் 3.8 கோடி டாலரை 1994இல் ஓர் அறக்கட்டளையாக்கி, ஹைடாக்களும் மற்றத் தீவுவாசிகளும் சேர்ந்தே நடத்துகிறார்கள். முதலைத் தொடாமல் வருமானத்தை ஊர்ப்பணிக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. 1993இல் தீர்க்காமல் விட்ட சண்டைதான் நீண்டது: நிலத்தின் மீது ஹைடாக்களுக்குள்ள உரிமையை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஒப்புக்கொள்ள 2024 வரை ஆனது.